கட்டி தெரியவில்லை: குறை திரையிலா, தரவிலா?

ரேடியாலஜி இயற்பியல் தாளுக்கான புத்தகங்களில் டிஸ்ப்ளே ஒரு பாடம், நாய்ஸ் (படத்தில் தாறுமாறாக விழும் புள்ளிகள்) வேறொரு பாடம். கேள்வி மட்டும் இரண்டையும் பிணைத்து வரும்: 'சிறிய கட்டி சிடி படத்தில் தெரியவில்லை. காரணம் என்ன, என்ன செய்வீர்கள்?' பலரும் உடனே டோஸை (கதிர்வீச்சின் அளவை) கூட்டலாம், பிரைட்னஸைக் கூட்டலாம் என்று அடுக்கிவிடுவார்கள். எனக்குக் கைகொடுத்தது வேறு வழி: குறை திரையிலா, தரவிலா என்பதை முதலில் பிரித்துவிடுவது.

பிரிப்பது எளிது. விண்டோ அகலத்தை, அதாவது கறுப்பு முதல் வெள்ளை வரை திரையில் காட்டப்படும் சிடி எண்களின் வீச்சை, குறைத்துப் பாருங்கள். நாய்ஸ் மணல் மணலாகத் தெளிவாகத் தெரிந்தும் கட்டி தெரியவில்லை என்றால் திரை தன் வேலையைச் செய்துவிட்டது, குறை தரவில். நாய்ஸே கண்ணுக்குப் படாமல் அந்தப் பகுதி மொழுக்கென்று இருந்தால் திரையையோ விண்டோவையோ சந்தேகிக்கலாம்.

இதை எண்களோடு எழுதினால் மதிப்பெண் கூடும். கல்லீரலைவிட 10 எச்.யூ. (ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு, சிடி எண்ணின் அலகு) குறைவான ஒரு கட்டி, நாய்ஸும் 10 எச்.யூ. என்று வையுங்கள். விண்டோ அகலம் 400 என்றால் அந்த வித்தியாசம் மொத்தச் சாம்பல் அளவில் 2.5 சதவீதம்தான். 150 ஆக்கினால் 6.7 சதவீதம். ஆனால் நாய்ஸும் அதே விகிதத்தில் பெருகும்; இரண்டுக்குமான விகிதம் 1 என்பது அப்படியே நிற்கும்.

அப்படியானால் எதுவுமே தெரியக்கூடாதே? இங்கேதான் நாய்ஸுக்கு நடுவே ஒரு பொருள் எப்போது தெரியும் என்று ஆராய்ந்த இயற்பியலாளர் ஆல்பர்ட் ரோஸ் வருகிறார். கண் ஒற்றைப் பிக்சலைப் பார்ப்பதில்லை, கட்டியின் பரப்பு முழுவதையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. பிக்சல் 0.7 மி.மீ. என்றால் 10 மி.மீ. கட்டிக்குள் சுமார் 160 பிக்சல்கள். சராசரியில் நாய்ஸ் அதன் வர்க்கமூலத்தின் மடங்கு குறையும், அதாவது விகிதம் 1 என்பது 12க்கு மேல் போகும். ரோஸ் சொன்ன எல்லையான 5ஐத் தாண்டிவிட்டது, தெரியும். 3 மி.மீ. கட்டியில் 14 பிக்சல்கள்தான், வர்க்கமூலம் 4ஐக்கூடத் தொடாது. (சிடியில் பக்கத்துப் பிக்சல்களின் நாய்ஸ் ஒன்றையொன்று சார்ந்தது, எனவே நிஜத்தில் இதைவிடவும் மோசம். இந்த ஒரு வரியை விடைத்தாளில் கட்டாயம் எழுதுங்கள்.)

எம்.ஏ.எஸ்.ஸை (எக்ஸ்ரே குழாயின் மின்னோட்டம் × நேரம்) நான்கு மடங்காக்கினால் நாய்ஸ் பாதியாகும், 3 மி.மீ. கட்டியும் எல்லையைத் தாண்டும். ஆனால் நோயாளிக்கு டோஸும் நான்கு மடங்கு. ஸ்லைஸின் தடிமனை 1.25லிருந்து 5 மி.மீ. ஆக்கினாலும் நாய்ஸ் பாதியாகும். ஆனால் 3 மி.மீ. கட்டி அந்தத் தடிமனில் சுற்றுத் திசுவோடு கலந்து, கான்ட்ராஸ்டும் ஏறக்குறைய பாதியாகிவிடும். லாபமில்லை. தேர்வாளர் எதிர்பார்க்கும் பொறி இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, திரைக்கு வருவோம். சதுர மீட்டருக்கு 350 கேண்டெலா (இனி சுருக்கமாகக் கேண்டெலா), மேமோகிராஃபிக்கு 420 என்ற குறைந்தபட்ச உச்ச ஒளிர்வுப் பரிந்துரைகளை எல்லோரும் மனப்பாடம் செய்வார்கள். அதைவிட முக்கியம் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம். எல்.சி.டி.யில் பின்னொளியைக் கூட்டினால் கறுப்பும் சேர்ந்தே வெளுக்கும், விகிதம் மாறாது. அந்த விகிதத்தைக் கெடுப்பது அறை வெளிச்சம். திரையின் கறுப்பு 1 கேண்டெலா, உச்சம் 350 என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை விளக்கு பட்டுத் திரும்பி இன்னொரு 1 கேண்டெலா சேர்ந்தால் விகிதம் 350லிருந்து சுமார் 175 ஆகிவிடும். உச்சத்தில் அந்த 1 ஒரு பொருட்டே இல்லை; நுரையீரல் மாதிரி கறுத்த பகுதிகளில் உள்ள நுண்ணிய வித்தியாசங்கள்தான் அடிபடும். ஆகவே 'பிரைட்னஸைக் கூட்டுவேன்' என்பதற்கு முன் 'அறை விளக்கைத் தணிப்பேன்' என்று எழுதுங்கள்.

டைகாம் என்ற மருத்துவப் படத் தரநிலையின் 14ஆம் பகுதியில் உள்ள சாம்பல் அளவுச் சார்பும் கேட்பார்கள். 0.05 முதல் 4000 கேண்டெலா வரை, கண்ணால் பிரித்தறிய முடிகிற 1023 படிகள். சமமான படி கண்ணுக்கும் சமமாகத் தெரியவேண்டும் என்பதே அதன் நோக்கம். கறுப்பு, வெள்ளை இரு முனைகளிலும் திரை வித்தியாசத்தைக் காட்டுகிறதா என்று மட்டும் விரைவாகப் பார்க்க, சோதனைப் படத்தில் 0 சதவீதச் சதுரத்துக்குள் 5 சதவீதச் சதுரமும், 100க்குள் 95 சதவீதச் சதுரமும் தெரிகின்றனவா என்று பார்த்தால் போதும்.