கறிவேப்பிலைச் செடியில் ஒரு வேஷக்காரி: அக்டோபர், நவம்பர் குறிப்புகள்

அக்டோபர் 14
கொழுந்து இலைகளில் காமன் மார்மன் வண்ணத்துப்பூச்சியின் முட்டைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக. வெளிர்மஞ்சள், குண்டூசித் தலையளவு. வளர்த்துப் பார்க்க, கிளையை நறுக்கித் தண்ணீர்ப் பாட்டிலில் செருகி, வாயைப் பஞ்சால் இறுக அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் புழு தண்டு வழியே இறங்கி மூழ்கிவிடும். கடைக் கறிவேப்பிலை ஆகாது, மருந்து அடித்திருப்பார்கள்.

அக்டோபர் 26
புழுவுக்கு நான்காம் பருவம், அதாவது மூன்று முறை தோலுரித்தாயிற்று. இன்னமும் பார்க்கப் பறவை எச்சம்தான்: பழுப்பு உடலில் வெள்ளைத் தீற்றல், ஈரம் காயாத பளபளப்பு. இலையின் மேற்புறத்தில் கூச்சமின்றி உட்கார்ந்திருக்கிறது. எச்சம் இலைக்கு அடியிலா விழும்?

அக்டோபர் 30
தோலுரித்ததும் பச்சை. 4 செ.மீ. நீள எச்சத்தை எந்தக் குருவியும் நம்பாது. இனி இலையோடு இலையாகத்தான் தப்ப வேண்டும். சீண்டினால் தலைக்குப் பின்னிருந்து சிவப்புக் கவை நீளும், நெடி அடிக்கும்.

நவம்பர் 3
கூட்டுப்புழு. பச்சையா பழுப்பா என்பது ஒட்டிய இடத்தைப் பொறுத்தது. ஒருமுறை அமைந்த நிறம் பிறகு மாறாது. பழுப்புக் கூட்டைப் பச்சைத் தண்டில் கட்டிவைத்தால் பறவைக்குப் பந்தி வைத்த மாதிரி.

நவம்பர் 15
வெளிவந்தது பெண், மூன்று பெண் வடிவங்களில் ரோமுலஸ் என்பது. முன்சிறகில் வெண்பட்டைகள், பின்சிறகில் சிவப்புப் புள்ளிகள்: அச்சாகக் கிரிம்சன் ரோஸ் என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சி. அந்த அசல், ஆடுதின்னாப்பாளையையும் ஈஸ்வரமூலியையும் தின்று வளர்ந்து நஞ்சேறியது. ஸ்டிச்சியஸ் என்ற இன்னொரு பெண் வடிவம் காமன் ரோஸ் என்ற வண்ணத்துப்பூச்சியைப் போல் பின்சிறகில் வெள்ளைத் திட்டு வைத்திருக்கும். மூன்றாவதான சைரஸ், மார்மன் ஆணைப் போலவே இருக்கும்.

பார்த்தவுடன் பிரிக்கச் சிறகை விட்டு உடலைப் பாருங்கள். அசலுக்கு வயிறு சிவப்பு, மார்மனுக்குக் கறுப்பு. மேலிருந்து எடுத்த படத்தில் இது தப்பிவிடும். பக்கவாட்டில் ஒரு படம் அவசியம். பறப்பில் ஏமாறுவது எளிது: நிம்மதியாக இருக்கும்வரை அசலைப் போல மெல்லப் படபடக்கும், விரட்டினால்தான் மார்மன் வேகம் வெளிப்படும்.

நவம்பர் 18
இந்த மூன்று பெண்களும் ஒரே இனம் என்று இயற்கையியலாளர் வாலஸ் 1865-லேயே எழுதிவிட்டார். எப்படி என்பது 2014-ல்தான் தெளிந்தது: டபுள்செக்ஸ் என்ற ஒற்றை மரபணுவின் வகைகளே சிறகின் முழுக் கோலத்தையும் மாற்றுகின்றன. ஆணும் அதே வகைகளைச் சுமக்கிறது, சிறகில் காட்டுவதில்லை. ஆகவே கூண்டில் இணைசேர்க்கும்போது ஆணின் சிறகை வைத்து மகள்களின் வடிவத்தைக் கணிக்க வழியில்லை.

போலிகள் பெருகினால் வேஷம் பலிக்காது. சிவப்புப் புள்ளியைக் கொத்திய பறவைக்குக் கசப்பைவிட நல்ல தீனியே அடிக்கடி கிடைக்கும். ரோமுலஸ் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிலைத்திருப்பது, கிரிம்சன் ரோஸ் இங்கே தாராளமாகப் பறப்பதால்.