எம்ஓஐ (ஒரு செல்லுக்கு எத்தனை வைரஸ் என்ற விகிதம்) 1 என்றால் எல்லா செல்லிலும் வைரஸ் இருக்கிறதா?

இல்லை. செல்லுக்கு ஒரு வைரஸ் என்று கணக்குப் போட்டு ஊற்றினாலும் சுமார் 37% செல்களுக்குள் ஒன்றுகூட நுழையாது; ஒரே செல்லில் இரண்டு மூன்று விழுந்திருக்கும். எம்ஓஐ 3 வைத்தால் 5% தப்பும், 5 வைத்தால் 1 சதவீதத்துக்கும் கீழே. புற்றுநோய் செல்களில் வைரஸ் எந்த மரபணுவின் இயக்கத்தை ஏற்றியது, எதை அடக்கியது என்று ஆர்என்ஏ வரிசைப்படுத்திப் பார்க்கிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வைரஸ் புகுந்த செல் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கும். பக்கத்துச் செல் அதை உணர்ந்து ஐஎஸ்ஜி15, ஐஎஃப்ஐடி1 போன்ற வைரஸ் எதிர்ப்பு மரபணுக்களை வேகமாக இயக்கும். அதே மரபணுக்களை, புகுந்த செல்லுக்குள் வைரஸ் அமுக்கிக்கொண்டிருக்கலாம். தட்டில் வளர்த்த செல்கள் முழுவதையும் சேர்த்து அரைத்து வரிசைப்படுத்தினால் “வைரஸ் ஐஎஸ்ஜி15-ஐ ஏற்றுகிறது” என்று வரும். உண்மை நேர் எதிராக இருக்கலாம். ஒளிரும் புரதம் சேர்த்த வைரஸ் கிடைத்தால் ஒளிரும் செல், ஒளிராத செல் என்று பிரித்தெடுத்துத் தனித்தனியே வரிசைப்படுத்துங்கள். முடியாவிட்டால், வைரஸ் புரதத்துக்குச் சாயமேற்றி எத்தனை சதவீதம் தொற்றியது என்றாவது எண்ணிவிடுங்கள்.

எம்ஓஐ கணக்கே பிசகுவதும் உண்டு. முந்தைய நாள் தட்டில் விதைத்த செல் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடக் கூடாது, இரவில் செல்கள் பெருகியிருக்கும். உபரியாக ஒரு குழி வைத்து, தொற்றுக்குச் சற்றுமுன் எண்ணுங்கள். ஆறு குழித் தட்டில் குழிக்கு அரை மில்லி வைரஸ் திரவம் போட்டு ஒரு மணி நேரம் வைத்தால், கால் மணிக்கொரு முறை தட்டை மெல்லச் சாய்த்தாட்ட வேண்டும். இல்லையேல் நடுப்பகுதி காய்ந்து, செல்கள் வறட்சியில் சாகும். பழி வைரஸ் மேல் விழும்.

ஒப்பீட்டுக் குழிக்கு வெறும் ஊடகம் (செல் வளர்க்கும் திரவம்) போதாது. வைரஸ் வளர்த்த அதே செல்களைத் தொற்றில்லாமல் வளர்த்து, அந்த ஊடகத்தை ஊற்றுங்கள். கூடவே புற ஊதாக் கதிரால் செயலிழக்க வைத்த வைரஸும் ஒரு குழிக்கு வேண்டும். வைரஸ் பெருகியதால் வந்த மாற்றம் எது, துகள் பட்டதாலேயே வந்தது எது என்பதை அதுதான் பிரித்துக் காட்டும்.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1 வைரஸில் இன்னொரு பொறி. மரபணுவின் முடிவில் நிற்க வேண்டிய ஆர்என்ஏ படியெடுப்பு நிற்காமல் ஓடி அடுத்த மரபணுவுக்குள் நுழைந்துவிடும். எண்ணிக்கை அட்டவணையில் அந்த மரபணு பல மடங்கு கூடியதாகத் தெரியும், புரதம் வராது. இரண்டு மரபணுக்களுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் வாசிப்புகள் (வரிசைப்படுத்திய ஆர்என்ஏ துண்டுகள்) தொடர்ச்சியாகக் கிடக்கின்றனவா, வழக்கமாக வெட்டி நீக்கப்படும் இன்ட்ரான் பகுதிகள் வெட்டப்படாமல் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

“இன்டர்ஃபெரானை வைரஸ் அடக்கிவிட்டது” என்று எழுதும் முன் செல்லையும் விசாரியுங்கள். பல புற்றுநோய் செல்களில் 9-ஆம் குரோமோசோமின் குறுங்கரத்தில் சிடிகேஎன்2ஏ என்ற மரபணு தொலைந்திருக்கும். அருகிலுள்ள இன்டர்ஃபெரான் மரபணுக்களும் அதோடு போயிருக்கலாம். வைரஸே இல்லாத குழியில் பாலி ஐசி (வைரஸ் ஆர்என்ஏ போல நடிக்கும் செயற்கைப் பொருள்) கொடுங்கள், இன்னொன்றில் இன்டர்ஃபெரான் பீட்டா. இரண்டாவதுக்கு ஐஎஸ்ஜி15 எழுந்து முதலாவதுக்கு எழாவிட்டால், அந்தச் செல்லுக்கு இன்டர்ஃபெரானைச் சுரக்கும் வழியே தொற்றுக்கு முன்பே பழுது.