டெபியன் சர்வரில் களையெடுப்பு

3 மார்ச் 2025, திங்கள்

டெபியன் 12, ஒரு லினக்ஸ் இயங்குதளம். தேவையில்லாத சேவைகளையும் கணக்குகளையும் களைவதே நோக்கம். இணையதளம் ஓட்டுவது மட்டுமே இந்தச் சர்வரின் வேலை. எஞ்சின்எக்ஸும் (வலை சர்வர்) எஸ்எஸ்எச்சும் (தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழி) போதும். ஸ்னாப்ஷாட் (சர்வரின் இப்போதைய நிலையின் நகல்) எடுத்தாயிற்று. இரண்டாவது எஸ்எஸ்எச் இணைப்பு ஒன்று வேலை முடியும்வரை திறந்தே இருக்கட்டும்.

திறந்திருக்கும் போர்ட்களைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையை டி, யு, எல், பி, என் எழுத்துகளோடு ரூட்டாக (முழு அதிகாரக் கணக்கில்) ஓட்டணும். இல்லையென்றால் எந்த நிரல் கேட்கிறது என்ற பெயர் வராது. எஸ்எஸ்எச்சின் 22, இணையதளத்தின் 80, 443 தவிர வந்த போர்ட்கள்: 111 (ஆர்பிசிபைண்ட், என்எஃப்எஸ் கோப்புப் பகிர்வுக்கு உதவுவது), யுடிபி 5353 (அவாஹி, உள் நெட்வொர்க்கில் கருவிகளைக் கண்டுபிடிப்பது), யுடிபி 631 (கப்ஸ்-பிரவுஸ்டு, நெட்வொர்க்கில் பிரிண்டர்களைத் தேடுவது), 25 (எக்சிம், மெயில் அனுப்புவது). எக்சிம் 127.0.0.1-இல் (சர்வரின் உள்முகவரி) மட்டும் கேட்கிறது, கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுவது) அனுப்பும் மெயிலுக்கு வேண்டும், இருக்கட்டும். மற்றவை எல்லா முகவரியிலும் கேட்கின்றன. பிரிண்டரே இல்லாத சர்வரில் கப்ஸ்-பிரவுஸ்டு எதற்கு? 2024 செப்டம்பரில் வெளியான கப்ஸ் (பிரிண்ட் மென்பொருள்) பாதுகாப்பு ஓட்டைகளில் ஒன்று, யார் அனுப்பினாலும் நம்பிவிடும் இதே யுடிபி 631-தான்.

4 மார்ச், செவ்வாய்

ஆர்பிசிபைண்ட் சர்வீஸை நிறுத்தி, டிஸேபிளும் (ரீபூட்டில் தானாகத் தொடங்காதபடி) செய்த பிறகு 111 அப்படியே திறந்திருக்கிறது. இப்போது அதைப் பிடித்திருப்பது சிஸ்டம்டி, சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் நிரல். சாக்கெட் யூனிட் (போர்ட்டைத் திறந்து காத்திருக்கும் பகுதி) தனியாக உயிரோடு இருப்பதால், யாராவது கதவைத் தட்டினால் சர்வீஸ் மறுபடி எழும். நிறுத்தும்போதே சிஸ்டம்சிடிஎல் கட்டளை இதை எச்சரிக்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. சர்வீஸ், சாக்கெட் இரண்டையும் நிறுத்தணும்.

பேக்கேஜையே எடுப்பது இன்னும் நல்லது. ஆப்ட்டில் (பேக்கேஜ்களைப் போடவும் எடுக்கவும் உள்ள கட்டளை) முதலில் எஸ் எழுத்தோடு ஒத்திகை: ஆர்பிசிபைண்ட் போனால் என்எஃப்எஸ்-காமனும் கூடவே போகும். எஃப்எஸ்டாபில் (மவுண்ட்களின் பட்டியல் கோப்பு) என்எஃப்எஸ் மவுண்ட் இல்லை என்று பார்த்த பிறகே பர்ஜ். ரிமூவ் என்றால் அமைப்புக் கோப்புகள் மிஞ்சும்; பர்ஜ் அவற்றையும் அழிக்கும். அவாஹிக்கும் கப்ஸ்-பிரவுஸ்டுக்கும் இதே முறை.

6 மார்ச், வியாழன்

கணக்குகள். யுஐடி (கணக்கின் எண்) 0 ரூட்டுக்கு மட்டும்தானா என்று முதலில் பார்க்கணும். டீமன், பின், டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா போன்ற சிஸ்டம் கணக்குகள் பழசாகத் தெரிந்தாலும் கை வைக்கக் கூடாது. ஆராய வேண்டியவை 1000-உம் அதற்கு மேலும் உள்ளவை; 65534 மட்டும் நோபடி என்ற சிஸ்டம் கணக்கு.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கில் யூசர்மாட் கட்டளையைப் பெரிய எல் எழுத்தோடு போட்டுப் பூட்டினால், ஷேடோ கோப்பில் கடவுச்சொல் ஹாஷுக்கு (கடவுச்சொல்லின் மறைவடிவம்) முன்னால் ஓர் ஆச்சரியக்குறி விழும். அவ்வளவுதான். எஸ்எஸ்எச் சாவி வைத்திருப்பவர் வழக்கம்போல உள்ளே வருவார். காலாவதித் தேதியை 1 என்று வைத்தால்தான் அந்த வழியும் அடைபடும். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு இதனால் அறுபடாது; அந்தப் பயனரின் ப்ராசஸ்களைத் தனியாகக் கொல்லணும்.

காலாவதியான கணக்கின் கிரான் வேலைகளும் நின்றுபோகும். பேக்கப் அவருடைய கிரான்டாபில் (கிரான் வேலைகளின் பட்டியல்) ஓடிக்கொண்டிருந்தால், டிஸ்க் செத்த அன்றுதான் தெரியும். முதலில் கிரான்டாப், அப்புறம் பூட்டு.

நீக்குவதானால், அந்த யுஐடிக்குச் சொந்தமான கோப்புகளை ஃபைண்ட் கட்டளையில் தேடிக் கைமாற்றி விடணும். கணக்கை நீக்கும் யூசர்டெல் கட்டளை ஆர் எழுத்தோடு ஓடினாலும் ஹோம், மெயில் பெட்டி மட்டுமே போகும். மிச்சம் எண்ணோடு கிடக்கும். அதே எண் புதிதாகச் சேர்பவருக்குக் கிடைத்தால் கோப்புகளும் அவருடையவை.

8 மார்ச், சனி

ரீபூட். அதற்குப் பிறகு எஸ்எஸ் காட்டுவதே கணக்கு: 22, 80, 443, உள்ளே மட்டும் 25. வெளியிலிருந்து என்மேப்பில் (போர்ட்களைச் சோதிக்கும் கருவி) 65,535 டிசிபி போர்ட்டும் பார்த்தாயிற்று, அதே மூன்று. கிளவுட் ஃபயர்வாலைத் தாண்டி வரும் விடை இது; அது மறைத்தவை இதில் தெரியாது. அதே நெட்வொர்க்கில் உள்ள இன்னொரு சர்வரிலிருந்தும் ஒருமுறை ஓட்டணும்.