தள்ளுபடி ஆனது யாருடைய மனு?

சென்ற ஆவணியில் ஒரு சனிக்கிழமை, முக்கூடல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் பாளையங்கோட்டையில் உள்ள என் வீட்டைத் தேடி வந்தார். பீடி சுற்றிப் பிழைப்பவர். என்னிடம் படித்த மாணவி ஒருத்திக்கு அக்காள் முறை. மஞ்சள் பையிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "கேசு தள்ளுபடி ஆயிட்டுன்னு சொல்லுதாவ டீச்சர். இனி எம்புள்ளையளுக்கு ஒண்ணும் கெடைக்காதாம்" என்றார். அந்தச் செய்தியைச் சொன்னவர் அவருடைய சித்தப்பா மகன். கைப்பேசியில் வழக்கின் நிலையைப் பார்த்தவர், 'டிஸ்மிஸ்ட்' என்ற சொல்லைக் கண்டு, அதை அப்படியே வீட்டில் சொல்லியிருக்கிறார். அது சித்திரை மாதம். அதன் பிறகு நான்கு மாதங்கள் அந்தப் பெண் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வழக்கு முடிந்துவிட்டது என்று நம்பிப் பீடித் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

நான் வழக்கறிஞர் அல்லேன். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பின், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகப் பயிற்சி பெற்றவள். வழக்கை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்வது என் வேலை அன்று. தாளில் என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொல்வதும், அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று காட்டுவதும் மட்டுமே என்னால் ஆகும். ஆனால் தாளைச் சரியாக வாசிக்காததால் இழக்கப்படுவது எவ்வளவு என்பதை இந்தச் சில ஆண்டுகளில் கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. முதல் பக்கத்தின் மேற்பகுதியில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று, 'எம்.சி.' என்று தொடங்கும் ஜீவனாம்ச வழக்கின் எண். இன்னொன்று, அந்த வழக்குக்குள் போடப்பட்ட ஒரு துணை மனுவின் எண். ஜீவனாம்ச வழக்கில் மனுதாரர் அந்தப் பெண், எதிர்மனுதாரர் கணவர். துணை மனுவிலோ மனுதாரர் கணவர். எதிர்மனுதாரர் இந்தப் பெண். முந்தைய ஐப்பசியில் கணவர் ஆஜராகாததால், இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் 9,000 ரூபாய் தர வேண்டும் என்று நீதிமன்றம் ஒருதலைப்பட்சமாக உத்தரவிட்டிருந்தது. அப்படிப்பட்ட உத்தரவை நீக்கக் கோருவதற்குச் சட்டம் மூன்று மாதம் அவகாசம் தருகிறது. கணவர் அந்தக் காலம் கடந்த பிறகு வந்து, உத்தரவை நீக்கும்படி மனுப் போட்டிருக்கிறார். நீதிமன்றம் அவர் சொன்ன காரணத்தை ஏற்கவில்லை. தள்ளுபடி ஆனது அவருடைய மனு. கடைசிப் பக்கத்தின் கடைசிப் பத்தியில் அது இரண்டே வரிகளில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது.

தமக்குச் சாதகமான உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு மாதம் அழுதிருக்கிறார் அந்தப் பெண். இதை நான் விளக்கிச் சொன்னபோது அவர் உடனே நம்பவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவருக்கு நான் அடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது இன்னும் முக்கியமானது. ஜீவனாம்சம் தர வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டால் பணம் தானாக வந்து சேராது. கொடுக்காதவர் மீது நிறைவேற்றல் மனுப் போட வேண்டும். நீதிமன்றம் வாரண்ட் பிறப்பித்து வசூலிக்கும். அதன் பிறகும் செலுத்தாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். சிறைக்குப் போய் வந்தாலும் கடன் தீராது என்பதை உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. ஆனால் இந்த வாரண்ட் வழிக்கு ஒரு காலவரம்பு உண்டு: தொகை செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட்டாக வேண்டும். இவருடைய உத்தரவு மனுப் போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் தரச் சொல்லியிருந்தது. இப்படி மனுத் தேதியிலிருந்து வழங்குவதே முறை என்று ரஜ்னேஷ் – நேகா வழக்கில் 2020 நவம்பர் 4ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமாக வகுத்துக் கொடுத்தது; இரு தரப்பும் தங்கள் சொத்து, வருமானம், கடன் ஆகியவற்றைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. ஆகவே உத்தரவு வந்த அன்றே இவருக்குப் பெருந்தொகை நிலுவையாகச் சேர்ந்துவிட்டது. அதை அந்த வழியில் கேட்க ஐப்பசி வரைதான் காலம். அவர் என்னிடம் வந்ததோ ஆவணியில். இன்னும் இரண்டு மாதம் அவர் அழுதுகொண்டே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது இப்போதும் எனக்குப் பதறுகிறது.

ஒரு குடும்பத் தகராறிலிருந்து நான்கு வழக்குகள் பிறப்பது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. விவாகரத்துக்கோ சேர்ந்து வாழக் கோரியோ போடுவது எச்.எம்.ஓ.பி.; ஜீவனாம்சத்துக்கு எம்.சி.; குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாப்பும் குடியிருக்கும் உரிமையும் கேட்பது டி.வி.சி.; காவல் நிலையத்தில் கொடுத்த புகார் குற்றப்பத்திரிகையாகி நீதித்துறை நடுவர் முன் வந்தால் அது சி.சி. நான்குக்கும் தனித்தனி வாய்தா, தனித்தனி முடிவு. சி.சி.யில் கணவர் விடுதலை ஆகிவிட்டால் எம்.சி.யும் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். "கோர்ட்டே என்னை விட்டுட்டு, இனி எதுக்கு நான் ரூவா கெட்டணும்?" என்று ஒருவர் என்னிடமே வாதிட்டார். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும். ஜீவனாம்ச வழக்கில் பார்க்கப்படுவது, மனைவியும் பிள்ளைகளும் பிழைக்க வழியில்லாமல் இருக்கிறார்களா, வசதியிருந்தும் அவர் காப்பாற்ற மறுக்கிறாரா என்பது. குற்ற வழக்கில் கிடைத்த விடுதலை இந்தக் கேள்விகளுக்கு விடை ஆகாது.

'விடுதலை' என்ற சொல்லையும் கவனித்துக் கேட்க வேண்டும். ஜாமீனில் வெளியே வந்தவரையும் விடுதலை ஆனவர் என்கிறோம். எந்தக் குற்றத்துக்காக விசாரிப்பது என்று நீதிமன்றம் முறைப்படி எழுதுவதற்கு, அதாவது குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே விடுவிக்கப்பட்டவரையும், சாட்சிகளை விசாரித்து முடித்த பின் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றவரையும் அதே சொல்லால் குறிக்கிறோம். ஜாமீன் என்பது வழக்கு நடக்கும் காலத்தில் வெளியில் இருக்க அனுமதி, அவ்வளவே. வழக்கு அப்படியே இருக்கும். நிலையத்தில் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தால் போட வேண்டும். "ஜாமீன் கொடுத்துட்டாவ, அப்ப நம்ம புகார் பொய்யின்னு ஆயிட்டா?" என்று கேட்டு ஒரு தாய் என் வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்ததை மறக்க முடியவில்லை.

காவல் நிலையத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புகார் கொடுத்ததும் தரப்படும் சி.எஸ்.ஆர். ரசீது, புகார் பெறப்பட்டது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. முதல் தகவல் அறிக்கை என்பது வேறு. கைது செய்யத்தக்க குற்றம் வெளிப்படும் புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது; எனினும் கணவன் மனைவி தகராறுகளில் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று அதே தீர்ப்பு இடமளித்தது. மகளிர் காவல் நிலையத்தில் இரு வீட்டாரையும் கூப்பிட்டுப் பேசுவது அதன்படிதான். ஆனால் அங்கே 'சேர்ந்து வாழ்கிறோம்' என்றோ 'பிரிந்து போகிறோம்' என்றோ எழுதிக் கையெழுத்து வாங்கிய தாள் நீதிமன்ற உத்தரவு ஆகாது. ஊர்க் கூட்டத்தில் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதித் தீர்த்துவிட்டதாகச் சொல்வதும் அப்படியே. சமூக வழக்கப்படி மணமுறிவு உண்டு என்று நீதிமன்றத்தில் நிரூபித்தால் ஒழிய, அந்த முத்திரைத்தாளை நம்பி மறுமணம் செய்பவர் முதல் திருமணம் இருக்கும்போதே இரண்டாவது செய்தவர் ஆகிறார். நம் ஊர்களில் இதனால் கெட்ட குடும்பங்கள் பல.

செய்தித்தாள் தலைப்புகள் செய்யும் குழப்பம் தனி. 2023 மே 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஒரு தீர்ப்பு வழங்கியது. மீண்டும் சேர வழியே இல்லாமல் உறவு முறிந்துபோன திருமணத்தை, அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவு தரும் அதிகாரத்தைக் கொண்டு உச்ச நீதிமன்றம் கலைக்கலாம் என்பது அதன் சாரம். மறுவாரம் பெருமாள்புரத்திலிருந்து ஒருவர் செய்தித்தாளின் துண்டோடு வந்து, தம் மகனுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை என்றும், உடனே விவாகரத்து வாங்கிவிடலாம் என்றும் சொன்னார். அந்த 142ஆவது பிரிவின் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது. குடும்ப நீதிமன்றத்துக்கு இல்லை. அந்த நிவாரணத்தைக் கேட்டு யாரும் நேராக உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடவும் முடியாது என்று தீர்ப்பே சொல்கிறது. அவர் மகனுக்குப் பயன்படக்கூடியது 2017 செப்டம்பரில் வந்த வேறொரு தீர்ப்பு. இருவரும் ஒத்துப்போய்க் கேட்கும் விவாகரத்தில், ஆறு மாதக் காத்திருப்பைத் தக்க காரணம் இருந்தால் விசாரணை நீதிமன்றமே தளர்த்தலாம் என்றது அது. ஆனால் பிரிந்து வாழ்ந்த காலம் போதிய அளவு கடந்திருக்க வேண்டும். சமரச முயற்சிகள் தோற்றிருக்க வேண்டும். ஜீவனாம்சம், பிள்ளைகளின் பொறுப்பு எல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும். அவர் மகன் வீட்டிலோ மருமகள் விவாகரத்துக்குச் சம்மதிக்கவே இல்லை. சம்மதமே இல்லாத இடத்தில் காத்திருப்பைத் தளர்த்தும் பேச்சு எப்படி எழும்?

இதேபோல 2014 ஜூலையில் வந்த அர்னேஷ் குமார் தீர்ப்பை, வரதட்சணைக் கொடுமைப் புகாரில் இனிக் கைதே கிடையாது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் காரணத்தை எழுதிப் பதியாமல் இயந்திரம்போலக் கைது செய்யக் கூடாது, முன்னதாக அறிவிப்புக் கொடுத்து விசாரணைக்கு அழைக்கலாம் என்பதே அது சொன்னது. அந்த அறிவிப்பை மதிக்காமல் இருந்தால் கைது உண்டு.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்ததிலிருந்து பிரிவு எண்களும் குழப்புகின்றன. கணவரும் அவர் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கான பழைய 498ஏ இப்போது 85. ஜீவனாம்சத்துக்கான பழைய 125 இப்போது 144. இதில் மிகவும் கவனிக்க வேண்டியது 482. பழைய சட்டத்தில் அது வழக்கை ரத்துச் செய்யும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்கும் பிரிவு. புதிய சட்டத்தில் அதே எண் முன்ஜாமீனுக்கு உரியது, ரத்துக்கு உரியது 528. '482 போட்டிருக்கிறார்கள்' என்று கேள்விப்பட்டால் எந்தச் சட்டத்தின் 482 என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சம்மன் வரும்போது 'வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லிவிடு' என்று யோசனை சொல்லும் உறவினர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். வாங்க மறுத்ததாகத் தபால் திரும்பினால், சம்மன் சேர்ந்துவிட்டதாகவே நீதிமன்றம் கொள்ளும். அதன் பிறகு ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரும். விவாகரத்து வழக்கில் அப்படி ஒரு தீர்ப்பு வந்துவிட்டால் அதை நீக்கக் கோர 30 நாட்கள்தான் உண்டு. குடும்ப நீதிமன்றத்தின் விவாகரத்துத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும். ஜீவனாம்ச உத்தரவின் மீது மேல்முறையீடு இல்லை, சீராய்வு மனு உண்டு. 2004 ஜூலை 24ஆம் தேதி மதுரைக் கிளை தொடங்கும் வரை இதற்காக நம்மவர்கள் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போனார்கள். மேல்முறையீடு போட்டதாலேயே கீழ் நீதிமன்ற உத்தரவு நின்றுவிடாது. 'அப்பீல் போட்டிருக்கு, இனிப் பணம் தர வேண்டாம்' என்று சொல்பவரிடம், தடை உத்தரவின் நகல் எங்கே என்று கேளுங்கள்.

நகல் என்றதும் ஒரு வேண்டுகோள். வழக்கின் நிலையைக் கைப்பேசியில் பார்ப்பது வாய்தாத் தேதி அறிய மிகவும் உதவும். முடிவை அறிய மட்டும் அந்த ஒற்றைச் சொல்லை நம்ப வேண்டாம். நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட நகலை வாங்குங்கள். நகல் தயாராக ஆகும் நாட்கள் மேல்முறையீட்டுக் காலத்தில் சேராது. வாங்கியதும் முதல் பக்கத்தில் மனுதாரர் யார் என்றும், கடைசிப் பத்தியில் நீதிமன்றம் என்ன கட்டளையிட்டது என்றும் பாருங்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையே என்று கலங்க வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவச சட்ட உதவி பெறும் உரிமையைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் தருகிறது. 15100 என்ற எண்ணில் அழைத்தாலும் வழி காட்டுவார்கள்.

அந்தப் பெண்ணை அடுத்த திங்கட்கிழமையே சட்ட உதவி வழக்கறிஞரிடம் அனுப்பிவைக்க முடிந்தது என்று எழுத ஆசை. உண்மையில் ஒரு நாள் கூலியையும் இழக்க முடியாமல், அவர் மூன்று வாரம் கழித்துத்தான் போனார். ஆனாலும் காலவரம்புக்குள் நிறைவேற்றல் மனுப் போட்டாயிற்று. தை மாதத்தில் ஒரு பகுதித் தொகை வந்தது. பங்குனியில் இன்னொரு தாள் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் முதல் பக்கத்தின் மேற்பகுதியில் விரலை வைத்து, "இதுல மனுதாரர் யாரு டீச்சர், நானா அவரா?" என்று கேட்டார்.