பாலிஅமீனும் பழநி மொட்டையும்

எம்.எஸ்சி. வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்: "ஓர்னிதின் டீகார்பாக்சிலேஸ் கூடினால் முடி என்னம்மா ஆகும்?" யோசிக்கவே இல்லை. "நல்லா வளரும் சார்" என்றேன். "அப்போ அந்த எலிக்கு ஏன் வழுக்கை விழுந்தது?" எந்த எலி என்றே எனக்குத் தெரியவில்லை.

ஆர்ஜினின், ஓர்னிதின், புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின். செல் வளர்ச்சிக்கு வேண்டிய பாலிஅமீன்கள் (கடைசி மூன்றும்) உருவாகும் இந்த வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஓர்னிதினைப் புட்ரெசினாக்கும் நொதிதான் அவர் கேட்ட ஓர்னிதின் டீகார்பாக்சிலேஸ். அதுதான் வினையாகப் போனது. எது எங்கே தேங்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பிறகு சிஎஸ்ஐஆர் நெட் (உயிர் அறிவியல்) தேர்வுக்குக் காரைக்குடி வீட்டில் உட்கார்ந்தபோது, இரண்டாங்கட்டு சிமெண்ட் தரையில் சாக்பீஸால் இதையே ஒரு கண்மாயாக வரைந்தேன். (முகப்பில் ஆத்தங்குடிக் கல்; அங்கே கிறுக்கினால் அப்பத்தா சும்மா விடாது.) கண்மாய் புட்ரெசின். வரத்துக்கால் ஓடிசி, அதாவது ஓர்னிதின் டீகார்பாக்சிலேஸ். அங்கிருந்து ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் வயல்களுக்குப் பாயும் மடையைத் திறப்பது ஏஎம்டி1 என்னும் நொதி. எஸ்எஸ்ஏடி என்னும் நொதி எதிர்வேலை பார்க்கும்: வயலில் பாய்ந்த தண்ணீரை மறுபடி கண்மாய்க்கே இறைத்துவிடும்.

இப்போது எலிகளுக்கு வருவோம். மயிர்க்கால் செல்களில் ஓடிசியை ஓயாமல் ஓடவிட்ட எலிக்குப் பிறந்த சில வாரங்களிலேயே முடி கொட்டி, மயிர்க்கால் இருந்த இடத்தில் நீர்க்கட்டிகள் வந்தன. எஸ்எஸ்ஏடியைக் கூட்டிய எலியும் வழுக்கைதான். ஒன்றில் உற்பத்தி கூடியது, மற்றதில் சிதைவு கூடியது. முடிவு எப்படி ஒன்றானது? தரையைப் பாருங்கள். இரண்டிலும் கண்மாய்தான் நிரம்பி வழிகிறது. புட்ரெசின்!

தோலிலும் இதே கணக்குதான். அடிச்செல் பெருகும்போது ஓடிசி தேவை. அது பெருகுவதை நிறுத்தி, மேலேறி, முதிர்ந்த தோல் செல்லாக மாற வேண்டுமென்றால் ஏஎம்டி1 கூடி ஸ்பெர்மின் பக்கம் தண்ணீர் பாய வேண்டும். மடை திறக்காவிட்டால் முதிர்ச்சி தடைபடும்.

மனிதர்களிடம் இதற்குச் சாட்சி பாக்மன்-பப் நோய்க்குறி. 2018இல் விவரிக்கப்பட்டது. ஓடிசி மரபணுவில் வரும் மாற்றத்தால் அந்தப் புரதம் உரிய நேரத்தில் சிதையாமல் நிற்கும், குழந்தைக்கு முடி உதிரும். ஓடிசியைத் தடுக்கும் எஃப்ளோர்னிதின் கொடுத்தபோது முடி வளர்ந்தது. அதே மருந்தை 13.9 சதவீதக் களிம்பாகப் பெண்களின் முகமுடி வளர்ச்சியைக் குறைக்க அமெரிக்காவில் 2000இல் அனுமதித்தார்கள். ஒரே மருந்து ஓரிடத்தில் முடியைக் குறைக்கிறது, இன்னோரிடத்தில் வளர்க்கிறது. நெட் தேர்வில் சி பகுதிக்குக் கேள்வி எடுப்பவர்களுக்கு இப்படிப்பட்ட முரண் என்றால் கொள்ளைப் பிரியம். அங்கே 75 கேள்வியில் 25 எழுதினால் போதும், ஒவ்வொன்றும் 4 மதிப்பெண். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

முடி வளர்ந்து, ஓய்ந்து, உதிரும் சுழற்சியை முதலில் படித்துவிடுங்கள், நான் கடைசியில் படித்துத் தவித்தேன். எனக்கு அது மனதில் நின்றது அப்பத்தாவால்தான். தைப்பூசத்துக்குப் பழநி நடந்து போய் மொட்டையோடு திரும்பும் அண்ணனிடம் வருஷா வருஷம் சொல்லும்: "மொட்டை போட்டா அடர்த்தியா வரும்டா." வராது. சவரக்கத்தி எடுப்பது செத்த இழையை மட்டும். தோலுக்கடியில் மயிர்க்காலின் அடிக்குமிழில் செல்கள் பெருகிக்கொண்டே இருக்கின்றன, மாதம் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. ஓடிசி மும்முரமாக இருப்பது அந்த வளர்பருவத்துக் குமிழில்தான். இதைச் சொன்னால் அப்பத்தா என்னை முறைக்கும்.

வேதிக் கட்டமைப்புகளை வரைந்து பழக நேரம் செலவிடாதீர்கள். யுபிகுயிட்டின் (சிதைக்க வேண்டிய புரதத்தில் செல் ஒட்டும் அடையாளச் சீட்டு) இல்லாமலே ஓடிசியைச் சிதையவைக்கும் ஆன்டிசைம் என்னும் புரதம், ஸ்பெர்மிடினிலிருந்து வரும் ஹைபூசின் என்னும் அமினோ அமிலம், இந்த இரண்டையும் மட்டும் விடாதீர்கள்.

அப்புறம், வரைந்ததை அழித்துவிட்டு மறுநாள் பார்க்காமல் வரையுங்கள். எனக்கு மூன்று நாளும் விட்டுப்போனது எஸ்எஸ்ஏடியின் அந்தத் திரும்பும் அம்புக்குறிதான்.