சாங்கு நாராயணரும் பக்தபூரும்: ஒரு பகல் யாத்திரை

முக்திநாத் யாத்திரைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காத்மாண்டுவில் பசுபதிநாதரையும் ஜலநாராயணரையும் சேவித்த கையோடு பொக்ராவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கூடுதலாக ஒரு பகல் கிடைத்தால், கிழக்கே இருக்கும் சாங்கு நாராயணருக்கும், அந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார்களின் பழைய தலைநகரம் பக்தபூருக்கும் அதைக் கொடுங்கள். ஏற்பாட்டாளர்கள் சிலர் அதே நாளில் பாட்டன் (லலித்பூர்) நகரத்தையும் சேர்த்து மூன்று ஊர் காட்டுகிறோம் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பாதி நாள் நெரிசலில் போகும், மீதியில் சந்நிதிகளை எட்டிப் பார்க்கத்தான் நேரம் இருக்கும். பாட்டன் காத்மாண்டுவை ஒட்டியே இருப்பதால் இன்னொரு மாலையில் போய்வரலாம்.

வண்டி பேசும்போதே நுழைவுக் கட்டணம், பார்க்கிங், வழிகாட்டியின் சம்பளம் இதில் அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்குக் கட்டணச் சலுகை உண்டு. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ கையில் இருக்கட்டும். சனிக்கிழமை அங்கே வார விடுமுறை, உள்ளூர்க் கூட்டம் அதிகம். நேபாள நேரம் நம்முடையதைவிட 15 நிமிடம் முந்தியது. கடிகாரத்தை மாற்றாதவர்களுக்காக வண்டி காத்து நிற்பது வாடிக்கை.

முதலில் சாங்கு. காலை 8 மணிக்குள் மலைமேல் இருந்தால் பூஜை நேரத்தில் தரிசிக்கலாம். தாமதித்தால் சந்நிதி வாசல் சாத்தியிருக்கக்கூடும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஊருக்கு நடுவே கல் படிகளில் ஏற வேண்டும். மழைக்காலத்தில் படி வழுக்கும், முழங்கால் வலி உள்ளவர்கள் ஊன்றுகோல் எடுத்துக்கொள்ளலாம். தோல் பெல்ட்டையும் பர்ஸையும் வண்டியிலேயே விட்டுவிடுங்கள். சந்நிதிகளில் தோல் பொருள் ஆகாது.

இரண்டடுக்குக் கூரை கொண்ட இப்போதைய கோயில், தீ விபத்துக்குப் பின் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழும்பியது. சந்நிதானமோ அதைவிட மிகப் பழையது. மேற்கு வாசலுக்கு எதிரே மனித முகத்தோடு மண்டியிட்டுக் கைகூப்பியிருக்கிறார் கருடாழ்வார். கழுத்தைச் சுற்றிப் பாம்பு. அருகே லிச்சவி மன்னன் மானதேவன் 464இல் நாட்டிய தூண். நேபாளத்தின் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று. தந்தை இறந்ததும் உடன்கட்டை ஏறத் துணிந்த தாய் ராஜ்யவதியை மகன் தடுத்து நிறுத்தியதும், கண்டகியைக் கடந்து படை நடத்தியதும் அதில் வடமொழியில் இருக்கின்றன. முக்திநாத் போகும் வழியில் நீங்கள் பார்க்கப்போகும் அதே கண்டகிதான்.

பெரும்பாலான வழிகாட்டிகள் இந்தத் தூணோடு நிறுத்திவிடுவார்கள். பிராகாரத்துச் சிற்பங்களையும் கேட்டுப் பாருங்கள். திருவடியைத் தூக்கிய திரிவிக்கிரமர், காஞ்சி உலகளந்த பெருமாளைச் சேவித்தவர்களுக்கு உடனே பிடிபடுவார். பத்துத் தலை விஸ்வரூபத்தில், அடியில் அனந்தன்மேல் பள்ளிகொண்ட கோலம் சிறியதாக இருக்கும். குனிந்து பார்த்தால்தான் தெரியும். நரசிம்மரையும் கருடன்மேல் அமர்ந்த நாராயணரையும் விட்டுவிடாதீர்கள். நேபாளப் பத்து ரூபாய் நோட்டில் வந்தவர் இந்த கருட நாராயணர்தான். இங்கே இரண்டு மணி நேரம் தாராளமாக வேண்டும்.

பக்தபூர் அங்கிருந்து சுமார் 6 கி.மீ. சதுக்கங்களுக்குள் கார் போகாது, செங்கல் பாவிய தெருக்களில் நடைதான். டிக்கெட்டைக் கடைசிவரை பத்திரமாக வையுங்கள், நடுவிலும் கேட்பார்கள். மல்ல வம்ச மன்னர் ரணஜித் மல்லர் காலத்துத் தங்க வாசலின் உச்சியில் பாம்புகளைப் பிடித்த கருடனும், அவருக்குக் கீழே மல்லர்களின் குலதெய்வம் தலேஜு பவானியும் இருக்கிறார்கள். உள்ளே தலேஜு முற்றத்துக்குள் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. படம் எடுக்கக் கூடாது. போனை வெளியே எடுக்காமலே இருப்பது நல்லது.

தௌமதி சதுக்கத்தில் பைரவநாதர், நியாதபோலா என்ற இரண்டு கோயில்களைச் சேர்த்தே தரிசிக்க வேண்டும். பைரவரின் உக்கிரத்தைத் தணிக்கவே பூபதீந்திர மல்லர் 1702இல் எதிரில் நியாதபோலாவை எழுப்பினார் என்பது ஐதிகம். நியாதபோலாவில் மேடைக்கு மேடை மல்யுத்த வீரர்கள், யானைகள், சிங்கங்கள், யாளிகள், பின் பாகினி, சிங்கினி தேவியர் காவல். ஒவ்வொருவரும் கீழே இருப்பவரைவிடப் பத்து மடங்கு பலசாலி. 1934 நிலநடுக்கத்தில் பைரவநாதர் கோயில் இடிந்தது, ஐந்தடுக்கு நியாதபோலா நின்றது. 2015லும் நின்றது. அகன்று படிப்படியாக ஏறும் அடித்தளம் அதற்குப் பெரிய காரணம். உள்ளே உறையும் சித்தி லட்சுமியைப் பூசாரிகள் தவிர யாரும் பார்க்க முடியாது. மேலே ஏறினால் தேவியைப் பார்க்கலாம் என்று எதிர்பார்த்து ஏமாறாமல், வாசலில் வணங்கித் திரும்புங்கள். பைரவநாதருக்கு முன்பக்கச் சிறு துவாரத்தில் காணிக்கை இடுவார்கள், வாசல் பின்பக்கம். இங்கே பலி உண்டு. மனம் ஒப்பாதவர்கள் சற்றுத் தள்ளி நின்று கும்பிடலாம்.

தத்தாத்ரேயர் கோயில் ஒரே மரத்தால் ஆனது என்பார்கள். அருகே பூஜாரி மடத்துச் சந்தில் மயில் ஜன்னல்.

சைவ உணவுக்காரர்கள் கவனம். நேவார் உணவில் எருமை இறைச்சி சகஜம். பருப்பு அரைத்துச் சுடும் 'பாரா'வின் மேலேயும் சில கடைகளில் கொத்திய இறைச்சி தூவுவார்கள், சுடும் கல்லும் அதேதான். முன்கூட்டியே கேளுங்கள். மண் சட்டியில் உறையும் 'ஜுஜு தௌ' தயிரைத் தயங்காமல் சாப்பிடலாம். மண் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் கத்தியால் வெட்டலாம்போல கெட்டியாக இருக்கும்.

நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி பக்தபூரில் பிஸ்கெட் ஜாத்ரா என்ற தேர்த் திருவிழா. பைரவர் தேரை மேலூராரும் கீழூராரும் எதிரெதிர்த் திசையில் வடம்பிடித்து இழுப்பார்கள். அந்த நாட்களில் தௌமதி வழி அடைபட்டிருக்கும், நடக்கக் கூடுதல் நேரம் வையுங்கள். தேருக்கு முன்னே நிற்கவே கூடாது. எந்தப் பக்கம் பாயும் என்று இழுப்பவர்களுக்கே தெரியாது.