ஸ்டார்ட் ஆகாத பழைய புல்லட் 350: மூன்று ஞாயிறு, நான்கு கோளாறு

வண்டி 1996 மாடல், வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350. போர் (சிலிண்டர் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 90 மி.மீ., 346 சிசி. 12 வோல்ட் பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடும் இரண்டு உலோக முனைகளால் தீப்பொறி உண்டாக்கும் முறை), விஎம் 24 கார்பரேட்டர். எட்டு மாதம் ஓடாமல் நின்றிருந்தது.

முதல் நாள் கண்ட நிலை இது. சோக் போட்டு இருபது, இருபத்தைந்து உதை உதைத்தால் ஒரு தடவை பிடிக்கும். பிடித்தாலும் சீராக ஓடாது, இரண்டு அடி அடித்தால் ஒரு அடி விட்டுப்போகும். சோக்கை எடுத்தால் கார்பரேட்டர் வழியாகத் துப்பும், சைலன்ஸரில் படாரென்று வெடிக்கும். ஐந்து நிமிடத்தில் சூடேறி நின்றுவிடும். அப்புறம் எத்தனை உதைத்தாலும் அசையாது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடியும் அதே கதை. பிளக்கைக் கழற்றினால் கரிச்சட்டி அடிப்பாகம் மாதிரி காய்ந்த கருப்பு.

கருப்பு பிளக்கைப் பார்த்ததும் யாருக்கும் தோன்றுவது, பெட்ரோல் அதிகமாகப் போகிறது, கார்பரேட்டரைக் குறை என்பதுதான். இந்த வண்டியில் அது நேர் எதிரான முடிவு. ஐடில் (ஆக்ஸிலரேட்டர் தொடாமல் மெதுவாக ஓடும் நிலை) வழியில் பெட்ரோல் போகவே இல்லை. அதனால்தான் சோக் இல்லாமல் பிடிக்கவில்லை, சோக்கிலேயே உதைத்து உதைத்துத்தான் கரி. தீப்பொறியும் பலவீனம் என்பதால் சரியாக எரியாத பெட்ரோல் அந்தக் கரியை இன்னும் கூட்டியது. ஒரு கோளாறு இன்னொன்றுக்குத் திரை போட்டிருந்தது. இப்படிப்பட்ட வண்டியில் ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது. ஒன்றை அளப்பது, சரிசெய்வது, உதைத்துப் பார்ப்பது, எழுதிவைப்பது, அதற்குப் பிறகே அடுத்தது.

முதல் ஞாயிறு கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் வலு. புல்லட்டின் கம்ப்ரஷன் விகிதம் 6.5:1 தான், ஆகவே கேஜில் பெரிய எண் வராது. ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து, பிளக் துளையில் கேஜை மாட்டி ஐந்து உதை உதைத்ததில் 72 பிஎஸ்ஐ. திறக்காமல் உதைத்தால் சிலிண்டருக்குள் காற்றே போதுமான அளவு வராது, அந்த எண்ணை நம்பக் கூடாது. பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோது 75. ஆயில் விட்டதும் எண் நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம். இங்கே ஏறவில்லை, கசிவு வால்வு பக்கம்.

வலது பக்கம் டேப்பட் மூடியைத் திறந்து, பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, புஷ் ராடுகளை (வால்வுகளைத் திறக்கும் தண்டுகள்) விரலால் சுற்றிப் பார்த்தால், இன்லெட் ராடு லேசாகச் சுற்றியது, எக்ஸாஸ்ட் ராடு இறுகிக் கிடந்தது. குளிர்ந்த இன்ஜினில் இரண்டு ராடும் விரலுக்குத் தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. அதுதான் அளவு, ஃபீலர் கேஜ் தேவையில்லை. அதைத் தளர்த்தி, டிகம்ப்ரஷன் லிவரின் (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் லிவர்) கேபிளுக்கும் கொஞ்சம் தொய்வு கொடுத்ததும் 96 பிஎஸ்ஐ. கேபிள் இறுக்கமாக இருந்தால் சிலிண்டர் ஹெட்டில் உள்ள அதன் சிறு வால்வு முழுசாக உட்காராது, உதைக்கும்போது 'புஸ்' என்று காற்று போகும். கேபிளைத் தளர்த்திப் பார்க்காமலே ஹெட்டைக் கழற்றுபவர்கள் உண்டு. ராடு, கேபிள் இரண்டையும் மட்டும் ஒரே மூச்சில் செய்தது தவறுதான். எந்தப் பங்கு எதனுடையது என்று பிரிக்க முடியவில்லை.

உதைத்துப் பார்த்தால் காலுக்குக் கனம் கூடியிருந்தது. மற்றபடி நிலைமை அதேதான்.

இரண்டாவது ஞாயிறு முழுக்கக் கரண்ட். இந்த வண்டியில் உள்ள ஆம்பியர் மீட்டரே பாதி டெஸ்டர். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால், பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். முள் ஆடவே இல்லையென்றால் பாயிண்ட்டில் அழுக்கு, அல்லது வயர் அறுந்திருக்கும். எப்போதும் மைனஸிலேயே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது அதன் வயர் எங்கேயோ பாடியில் தொட்டுக்கொண்டிருக்கிறது. இங்கே முள் ஆடியது, ஆனால் சாய்வு குறைவு.

பாயிண்ட் மூடிய நிலையில் மல்டிமீட்டர்: பேட்டரியில் 12.5 வோல்ட், காயிலின் (பிளக்குக்கான உயர் வோல்ட்டேஜை உண்டாக்கும் சுருள்) பிளஸ் முனையில் 10.1. வழியில் 2.4 வோல்ட் காணோம். இந்த அளவைப் பாயிண்ட் திறந்திருக்கும்போது எடுத்தால் இரண்டு இடத்திலும் 12.5 தான் காட்டும். கரண்ட் ஓடாதபோது கெட்ட இணைப்பில் இழப்பும் தெரியாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில். சாவி ஸ்விட்சுக்குப் பின்னால் இருந்த கனெக்டரில் பித்தளை பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, குறடால் இறுக்கி மாட்டியதும் காயிலில் 12.1. காயிலின் பிரைமரி (பேட்டரிக் கரண்ட் ஓடும் சுற்று) 3.4 ஓம். 10.1 வோல்ட்டில் ஓடிய கரண்ட் சுமார் 3 ஆம்பியர், 12.1 வோல்ட்டில் 3.6 ஆம்பியர். அரை ஆம்பியர்தானே என்று விடக் கூடாது. காயிலில் சேரும் சக்தி கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே போய்க்கொண்டிருந்தது ஏறக்குறைய முப்பது சதவீதம்.

இப்போது இருபது உதை பத்து உதையானது. சூடானதும் நிற்பது மட்டும் நிற்கவில்லை.

அடுத்து பாயிண்ட். சிலிண்டருக்குப் பின்னால் உள்ள சிறு மூடியைக் கழற்றி, டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்த்தால், ஒரு முனையில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு மேடு, எதிர் முனையில் அதே அளவுக்கு ஒரு பள்ளம், சுற்றிலும் நீலச் சாம்பல் நிறம். ஒரு முனையின் உலோகம் கழன்று இன்னொன்றில் ஒட்டியிருக்கிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் காயிலின் பிரைமரியில் 200, 300 வோல்ட் வரை எகிறும். அதை வாங்கிக்கொள்வது கண்டன்சர் (மின்தேக்கி) வேலை. அது வாங்காவிட்டால் அந்த வோல்ட்டேஜ் பாயிண்ட் இடைவெளியைத் தாண்டித் தீயாக எரியும், காயிலின் காந்தப்புலம் மெதுவாகச் சரியும், பிளக்குக்குப் போவது மஞ்சள் பொறி. விளக்கை அணைத்து, சாவியைப் போட்டு, பாயிண்ட்டை ஒரு மரக்குச்சியால் திறந்து திறந்து விட்டுப் பார்த்தோம். மங்கலாக ஒரு சிறு பொறி தெரிந்தால் சகஜம். இங்கே வெல்டிங் மாதிரி வெள்ளையாகப் பளிச்சிட்டது.

கண்டன்சரை ஏன் முதலிலேயே சந்தேகிக்கவில்லை? முன்னால் பார்த்த ஒரு ஒர்க் ஷாப்பில் அதைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். மீட்டரிலும் 0.21 மைக்ரோஃபாரட், சரியான அளவு. ஆனால் முடி உலர்த்தும் கருவியால் மூன்று நிமிடம் சூடேற்றி அளந்தபோது 0.09க்கு இறங்கித் தாவித் தாவி ஆடியது. ஆறியதும் மறுபடி 0.21. சூடானதும் செத்து, ஆறியதும் பிழைக்கும் வண்டியின் குணம் அப்படியே இந்தச் சின்ன டப்பாவில் இருந்தது. புதிது என்பது நல்லது என்பதற்குச் சாட்சி இல்லை, குளிரில் எடுத்த அளவும் முழுச் சாட்சி இல்லை. 0.22 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றை இன்ஜின் சூட்டிலிருந்து தள்ளி, டேங்குக்கு அடியில் காயிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். வயர் காயிலின் பாயிண்ட் பக்க முனையில், டப்பா நல்ல எர்த்தில். பழையதைக் கழற்றியே ஆக வேண்டும், கூடவே விட்டால் அதன் கோளாறும் கூடவே இருக்கும்.

மேடு விழுந்த பாயிண்ட்டில் ஃபீலர் கேஜ் பொய் சொல்லும். கேஜ் மேட்டின் மேல் உட்காருவதால் உண்மை இடைவெளி அளந்ததைவிடக் கூடுதல். அதனால் பாயிண்ட் செட்டையே மாற்றி, கேம் உச்சியில், அதாவது பாயிண்ட் அதிகம் திறக்கும் இடத்தில், 0.38 மி.மீ. வைத்தோம் (0.35 முதல் 0.40 வரை சரி). புதுப் பாயிண்ட்டில் ஒரு பாதுகாப்பு எண்ணெய்ப் படலம் இருக்கும். பெட்ரோலில் நனைத்த விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து இழுத்துத் துடைக்காவிட்டால் முதல் உதையே வீண். இடைவெளி மாறினால் டைமிங்கும் (பொறி விழும் நேரமும்) மாறும், ஆகவே கேப் முதலில், டைமிங் பிறகு. முழு ரிட்டார்டில் (பொறி மிகத் தாமதமாக விழும் நிலை) பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்க வேண்டும், அதாவது சுமார் 10 டிகிரி. பிளக் துளை சாய்வானது என்பதால் சைக்கிள் ஸ்போக்கை விட்டு அளப்பது தோராயம்தான். திறக்கும் கணத்தை ஆம்பியர் மீட்டர் முள்ளே காட்டிவிடும். அளவைத் தாண்டி அட்வான்ஸ் (பொறி முன்கூட்டியே விழும்படி) வைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், முழங்காலுக்கு ஆபத்து.

பிளக் கேப் 0.5 மி.மீ. பொறியைப் பார்க்கும்போது பிளக்கைத் துளையிலிருந்து தள்ளி, சிலிண்டரைக் குளிர்விக்கும் ஃபின்னில் நன்றாக எர்த் படும்படி வைக்க வேண்டும். துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். வெளியே பொறி வந்தால் உள்ளேயும் வரும் என்பதில்லை. அழுத்தத்தில் இருக்கும் காற்றில் பொறி தாண்டுவது கடினம். பிளக் வயர் முனை திறந்த காற்றில் 6 மி.மீ. தாண்டினால் தைரியமாக இருக்கலாம். இங்கே தாண்டியது, நீல நிறத்தில், சத்தத்தோடு.

அன்று மாலை வண்டி இருபது நிமிடம் நிற்காமல் ஓடியது. சூட்டில் சாவது போயிற்று. ஆனால் சோக்கை எடுத்தால் இன்னும் துப்பல், ஐடில் இல்லை.

மூன்றாவது ஞாயிறு கார்பரேட்டர். ஃப்ளோட் சேம்பரைக் கழற்றி அதில் இருந்ததைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினால், அடியில் பாதரசம் போல உருண்டு ஓடும் நீர்த்துளிகள், கூடவே துருப்பொடி. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், நீர் ஒரு அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இதுதான் எதிரி. டேங்க் காலி செய்து அலசியதும், டேப்பில் ஒரு நிமிடத்துக்கு 220 மி.லி. இறங்கியது. டேங்க் மூடியைப் போட்டும் அதே அளவு வந்தது, ஆகவே மூடியின் காற்றுத்துளை திறந்திருக்கிறது.

பைலட் ஜெட்டை (ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சிறு துளைத் திருகு) வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒன்றும் தெரியவில்லை. கார்ப் கிளீனரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஃப்ளெக்சிபிள் வயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி உள்ளே விட்டதும் ஊசிமுனை வெளிச்சம் வந்தது. ஊசி, எஃகுக் கம்பி எதையும் விடக் கூடாது. பித்தளைத் துளை பெரிதானால் ஜெட்டின் எண்ணுக்கே அர்த்தமில்லை. ஜெட்டோடு நிறுத்தியும் பயனில்லை. ஏர் ஸ்க்ரூவைக் கழற்றி அந்தத் துளையில் ஸ்ப்ரே அடித்தால், ஸ்லைடுக்கு அடியில் உள்ள பொடித் துளைகளில் பீறிட வேண்டும். இரண்டில் ஒன்று அடைத்திருந்தது, கம்ப்ரஸர் காற்றில்தான் திறந்தது.

கழற்றியதோடு ஃப்ளாஞ்சை (கார்பரேட்டர் இன்ஜினோடு சேரும் தட்டை முகம்) கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்ததில் நடுவில் 0.15 மி.மீ. ஃபீலர் நுழைந்தது. இரண்டு நட்டையும் வெறியாக இறுக்கினால் ஃப்ளாஞ்ச் இப்படி வில்லாக வளையும், காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகும். கண்ணாடி மேல் 400 நம்பர் உப்புத்தாளை விரித்துச் சமமாகத் தேய்த்து, புது ஓ ரிங்கும் பேக்கிங்கும் போட்டு, நட்டுகளை மாற்றி மாற்றி மிதமாக இறுக்கினோம். ஓடும்போது இணைப்பைச் சுற்றிக் கிளீனர் அடித்தும் ஐடில் மாறவில்லை. அடிக்க வேண்டியது துளித்துளியாக, சூடான சைலன்ஸர் பைப்பில் படாமல்.

ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறந்து வைத்தோம். இந்தக் கார்பரேட்டரில் அது காற்றுத் திருகு, உள்ளே திருகினால் பெட்ரோல் அதிகம், வெளியே திருகினால் குறைவு.

இப்போதைய நிலை: குளிரில் சோக் போட்டு, சாவி போடாமல் இரண்டு உதை, சாவி போட்டு இரண்டாவது உதையில் பிடிக்கிறது. சூட்டில் சோக் இல்லாமல் ஒரே உதை. 60 கி.மீ. ஓட்டி வந்து பார்த்த பிளக், சாம்பலும் காவியும் கலந்த நிறம். சைலன்ஸர் வெடிப்பு இல்லை.

மிச்சம் ஒன்று இருக்கிறது. பாயிண்ட் கேம் ஷாஃப்ட்டை விரலால் பக்கவாட்டில் தள்ளினால் இடைவெளி 0.05 மி.மீ. மாறுகிறது, அந்த ஷாஃப்ட் சுழலும் உலோக வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது. ஐடிலில் எப்போதாவது வரும் ஒரு தடுமாற்றம் அதனாலா என்பது புஷ் மாற்றிய பிறகே தெரியும். அதுவரை 500 கி.மீ.க்கு ஒருமுறை பாயிண்ட் கேப் சோதனை, கேமின் ஃபெல்ட்டில் ஒரு சொட்டு ஆயில். இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடி, சேம்பர் காலியாகி இன்ஜின் தானே நிற்கும்வரை ஓடவிடுகிறோம்.